தொப்பி போட்ட செவ்வந்தி

கமலாட்சியிடம் நல்ல பெயர் வாங்கிய மனிதர் யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில் இன்னும் பிறக்கவில்லை. புருஷன் பழனியப்பன் முப்பது வருஷம் முயன்று பார்த்துவிட்டு இப்போதெல்லாம் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். எதிர்வீட்டுக்காரி குழம்பு வைத்தால் அது பாத்திரம் கழுவின தண்ணீர். கோவில் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்தால், "அந்த மைக்குக்கு வாயிருந்தா அழுதுரும்" என்பாள். மருமகளாக வரப்போகிற பெண்ணின் படத்தைப் போனில் காட்டியபோதுகூட, "பல்லு மட்டும் பரவாயில்ல" என்றுதான் சொன்னாள். மகன் கணேஷ்குமார் அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு போனான்.

ஆனால் இவர்களெல்லாம் சில்லறை. மொத்தமாக இளக்காரம் செய்வதற்கென்று அவள் வைத்திருந்த ஆள் புஷ்பலதா.

புஷ்பலதா அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. கொரோனா வருஷத்தில் கொழுந்தன் மூச்சுக்குத் தவித்துச் செத்துப் போனபின், பிள்ளை குட்டி இல்லாமல் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் கால்வாய்க்கரை வரைக்கும் போகும் ஒரு துண்டு நிலம். நடுவே மூங்கில் வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் கமலாட்சியின் செவ்வந்தி, அந்தப் பக்கம் புஷ்பலதாவின் செவ்வந்தி. பர்மாக்காரர்கள் கண்டமா என்று சொல்லும் அதே பூதான். ஆனால் இந்தச் சாதிப் பூ யாங்கோன் சந்தை எதிலும் கிடைக்காது. முனிசிபாலிட்டிப் பூங்காவில் வேலை பார்த்த மாமனார் என்றைக்கோ ஒரு கொம்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து நட்டது. சின்னப் பூ, கெட்டி மஞ்சள், இதழைத் திருப்பினால் அடியில் செங்கல் நிறம். பறித்து மூன்று நாள் ஆனாலும் தலை சாயாது.

கமலாட்சி வரிசை பிடித்து நடுவாள், களை இருக்க விடமாட்டாள், நுனி கிள்ளுகிற நாளில் நுனி கிள்ளுவாள். புஷ்பலதா கொம்பை எங்கே ஊன்றினாளோ அங்கே செடி. மத்தியானம் படுத்துத் தூங்குவாள். கோழிகளோடு பர்மியப் பாஷையில் பேசிக்கொண்டிருப்பாள். "அவ தோட்டத்துல பூக்குறது அந்தச் செடிங்களோட பெருந்தன்ம" என்பாள் கமலாட்சி, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

கணேஷ்குமார் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். அவனுக்குப் பிடித்த பெண் விஜயகுமாரி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கியாக்தான் ஊர்க்காரி. அவளுடைய அம்மா ஜெயம்மா, ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவுக்கு, அந்தப் புத்தர் கோவிலுக்கு, படகு ஏறுகிற துறையில் பூவும் மீனுக்குப் போடும் பொரியும் விற்பவள். மீன் பொரி விற்கிற வீட்டில் சம்பந்தம் என்பதே கமலாட்சிக்குத் தொண்டையில் முள். அதையும் விழுங்கிக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய் உட்கார்ந்தால் ஜெயம்மா சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "பூவு எங்க பொறுப்பு சம்பந்தி. நாங்க கடைக்காரங்க, எல்லா மார்க்கெட்லயும் ஆள் இருக்கு."

கமலாட்சிக்குச் சுருக்கென்றது. படகுத்துறையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும் பூவா தன் மகன் கழுத்தில் விழுவது?

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிப் பூவு ஒண்ணுகூட உள்ள வராது" என்றாள். "மாலையிலேருந்து மணமேட வரைக்கும் என் கையால வளத்த செவ்வந்திதான். தை மாசம் வந்து பாருங்க."

ஜெயம்மா வெற்றிலையை மடித்தபடி, "பாக்கலாமே" என்றாள்.

அந்தப் "பாக்கலாமே" பஸ் ஏறி, பாலம் தாண்டி, தின்கன்ஜூன் வரைக்கும் கமலாட்சியோடு வந்தது. கூடியிருந்த இரு வீட்டு ஜனத்துக்கும் முன்னால் வாய்விட்டுச் சொன்ன சொல். அது பொய்த்தால் பொரிக்காரி வாழ்நாள் முழுக்கச் சிரிப்பாள். கல்யாணம் நல்லபடி நடப்பதைவிட அந்தச் சிரிப்பு நடக்காமல் இருப்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. இதை வெட்கமில்லாமல் பழனியப்பனிடம் சொல்லவும் செய்தாள்.

ஆடியில் கொம்பு நட்டாள். ஆவணி மழையில் செடி பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் சந்துக்கு சோலார் விளக்கு வந்தது.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், ராத்திரி பூரா எரியும் ஒரு விளக்கு வருகிறது என்றால் சும்மாவா? கம்பத்தை எங்கே நடுவது என்று சந்து முழுக்கச் சண்டை. கமலாட்சி வார்டு ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாள். பாம்பு என்றாள், பூத்திருடன் என்றாள், கல்யாண வீடு என்றாள். கடைசியில் அவள் வாய்க்குப் பயந்தே கம்பத்தைக் கால்வாய்க்கரையில், அவள் தோட்டத்து மூலையில் நட்டார்கள். முதல் நாள் விளக்கு எரிந்தபோது பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் செடிகள் வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு இலையும் தெரிய நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

புஷ்பலதா மறுவாரமே வேலியோரமாகப் பழைய தகரங்களை நிறுத்திக் கட்டினாள். அவள் பக்கம் இருட்டாகிவிட்டது.

"பாத்தீங்களா" என்றாள் கமலாட்சி புருஷனிடம். "ஊருக்கே வெளிச்சம் வந்தாலும் அவளுக்கு இருட்டுதான் புடிக்குது. பொறாம கண்ண மறைக்கும்பாங்க, இவ தகரம் வச்சே மறைக்கிறா."

ஐப்பசியில் கமலாட்சியின் செடிகள் முழங்காலைத் தாண்டி வளர்ந்தன. கரும்பச்சை இலை, தடித்த தண்டு. தகரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் புஷ்பலதாவுடையது சாண் உயரத்தில் குந்தியிருந்தது. கமலாட்சி வேண்டுமென்றே எட்டி எட்டிப் பார்த்தாள். பால்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இது செடி, அது புல்லு" என்று விளக்கமும் கொடுத்தாள்.

கார்த்திகை பிறந்தது. குந்தியிருந்த செடிகளின் தலையில் மிளகு மிளகாக மொட்டு வைத்தது. கமலாட்சியின் செடிகளிலோ இலைக்கு மேல் இலை, அதற்கு மேல் இன்னொரு இலை.

அவள் தாமுவேக்கு ஓடினாள். அங்கே மார்க்கெட் ஓரத்தில் பர்கத்துல்லா விதை, உரக் கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றியும் கமலாட்சிக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தலைவலி என்று போனாலும் ஒரு மூட்டை உரத்தைத் தலையில் கட்டி அனுப்புகிற மனிதர். அன்றைக்கும் முதலில் ஒரு பூ மருந்துப் பாட்டிலைத்தான் எடுத்து வைத்தார். பிறகு பேச்சுவாக்கில் விளக்கு விஷயம் வந்ததும் பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"ராத்திரி பூரா லைட்டா? அப்ப எங்கம்மா மொட்டு வரும்? செவ்வந்திக்கு நீளமான ராத்திரி வேணும். நடுவுல வெளிச்சம் பட்டா இன்னும் கோடை முடியலன்னு நெனச்சுக்கும். லைட்ட அணைக்கச் சொல்லுங்க."

அணைக்கச் சொல்வதா? நாலு தடவை நடந்து, சந்து முழுவதையும் பகைத்துக்கொண்டு வாங்கிய விளக்கை, இப்போது போய் அணையுங்கள் என்றால் எதிர்வீட்டுக்காரியிலிருந்து பால்காரன் வரை கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? கமலாட்சி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். இருட்டு வேண்டும். எதற்கு வேண்டும்? மொட்டுக்கு. மொட்டு எங்கே வரும்? நுனியில். அப்படியானால் நுனியை மூடினால் போயிற்று. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஊர் விளக்கை அணைக்கச் சொல்கிற பாயை என்னவென்று சொல்வது?

பழனியப்பனின் பழைய கறுப்பு லோஞ்சிக் கைலி இரண்டைக் கிழித்து, தையல் மெஷினில் உட்கார்ந்து, விரல் நீளத்துக்குத் தொப்பிகள் தைத்தாள். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு நுனிக்கும் ஒரு தொப்பி. காலையில் கழற்றிக் கூடையில் போடுவாள். முந்நூறு சொச்சம் செடி, ஒரு செடிக்கு எத்தனை நுனி என்று கணக்கில்லை. இடுப்பு ஒடிந்தது. பழனியப்பனையும் டீக்கடையிலிருந்து இழுத்து வந்து வேலையில் போட்டாள். அவர் ஒரு தொப்பியை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு சுன்னத்தா கல்யாணமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

தொப்பி போட்ட செடிகளைப் பார்க்கச் சந்தில் ஆள் வர ஆரம்பித்தார்கள். கமலாட்சி அசரவில்லை. சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராக மனசில் குறித்துக்கொண்டாள். வேலியோரத்தில் ஒரு செடி மட்டும் புழு விழுந்து, மேல் இலையெல்லாம் அரிக்கப்பட்டு மொட்டைக் கொம்பாக நின்றது. அடியில் கொஞ்சம் இலை, அதுவும் இந்தப் பக்கம் சாய்ந்து நின்ற ஒரு தகரத்தின் நிழலில். இதற்கு ஒரு தொப்பி கேடா என்று அதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் தொப்பி மாட்டிக்கொண்டிருக்கும்போது தகரத்துக்கு மேலே புஷ்பலதாவின் முகம் தெரிந்தது.

"அக்கா, என் பக்கம் மொட்டு நெறைய புடிச்சிருக்கு. நம்ம கணேசு கல்யாணத்துக்குத் தானே. எடுத்துக்குங்களேன்."

நல்ல மனசோடு சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று கமலாட்சி யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. "தாலி அறுத்தவ கை பட்ட பூவ என் மகன் கழுத்துல போடுறதுக்கு நா என்ன கெட்டா போயிட்டேன்?"

புஷ்பலதாவின் முகம் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கோழிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பழனியப்பன் கையிலிருந்த தொப்பியைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து டீக்கடைக்குப் போனார். அன்று கமலாட்சி கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழி பாதி போனது. தொப்பிக்குள் இலைதான் வந்தது, அதுவும் வெளுத்துப்போய். பூத்தது ஒரே ஒரு செடி. வேலியோரத்து மொட்டைக் கொம்பு. உச்சியில் அஞ்சாறு மஞ்சள் பூ, அடியில் செங்கல் நிறம் உட்பட, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் முழுக்க அதன் தலையில்தான் விழுந்தது. கமலாட்சி அதை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு தாமுவேக்குப் போய், பர்கத்துல்லாவின் மேஜைமேல் மண்ணோடு போட்டாள்.

"தொப்பி போட்டது பூக்கல. தொப்பி போடாதது பூத்திருக்கு. என்ன பாய் படிச்சீங்க நீங்க?"

"தொப்பியா?" என்றார் அவர். முழுக்கதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் எதிரில், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நுனிக்கு எங்கம்மா கண்ணு இருக்கு? ராத்திரி எவ்வளவு நீளம்னு கணக்கு வைக்கிறது இலை. போதுமான இருட்டு கெடச்சா இலைதான் ஒரு சரக்கத் தயார் பண்ணும். அது சாறு ஓடுற நரம்பு வழியா, தண்டு முழுக்க ஏறி, அவ்வளவு தூரம் தாண்டி நுனிக்குப் போயிச் சேரும். அது வந்தாத்தான் நுனி இலை போடுறத நிறுத்திட்டு மொட்டு போடும். சேதி வராத வரைக்கும் நுனி பாட்டுக்கு இலையப் போட்டுக்கிட்டே கெடக்கும். நீங்க இலைய எல்லாம் லைட்டுல நிக்க வச்சுட்டு, தலைக்குத் தொப்பி மாட்டிட்டீங்க."

"அப்ப இது?"

அவர் செடியைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மேல இலை இல்ல. வெளிச்சத்துல நின்னு குறுக்க கெடுக்க ஒண்ணும் இல்ல. அடியில இருக்கிற இந்த நாலு இலைக்கு எங்கயோ இருட்டு கெடச்சிருக்கு. அதுங்க அனுப்புன சேதிதான். உச்சி வெளிச்சத்துல நின்னா என்ன, இருட்டுல நின்னா என்ன? மலைப்பக்கம் பூக்காரங்க சிலபேரு, கொம்பு நீளணும்னு வேணும்னே லைட்டப் போட்டு மொட்ட நிறுத்தி வைப்பாங்க. நீங்க அதத்தான் பண்ணியிருக்கீங்க."

"இன்னைக்கே எல்லாத்தையும் மூடுனா?"

"மாசியில பூக்கும்."

கல்யாணம் தையில். கமலாட்சி செடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

எங்கேயாவது வாங்கிவிடலாம் என்றால், எந்த மார்க்கெட்டில் வாங்கினாலும் ஜெயம்மாவின் ஆள் இருப்பான். தவிர, அடியில் செங்கல் நிறம் உள்ள பூ உலகத்தில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அவள் போகவில்லை. போவதைவிட வயிற்று வலி என்று படுத்துக்கொள்வது மேல் என்றுகூட நினைத்தாள். ஆனால் ஜெயம்மாவின் வெற்றிலை வாய் கண்முன் வந்து வந்து போனது. கடைசியில் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

புஷ்பலதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

கமலாட்சி கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தகரத்தைக் காட்டி, "இத எதுக்கு வச்ச?" என்றாள்.

"அந்த லைட்டு நேரா படுக்கையில அடிக்குதுக்கா. தூக்கமே வரல. அதான்."

இவ்வளவுதானா! இவளுக்கு இருட்டைப் பற்றி ஏதோ தெரிந்திருந்தது, சூழ்ச்சி செய்தாள் என்றாலாவது மனசு ஆறியிருக்கும். தூங்குவதற்காகத் தகரம் கட்டினவளிடம் தோற்பதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? கமலாட்சி கூடையைத் தரையில் வைத்தாள்.

"பூ வேணும், புஷ்பா."

"எவ்வளவு?"

"எல்லாம்."

புஷ்பலதா முறத்தைத் தட்டி உமியை ஊதினாள். "காலைல வெளிச்சம் வந்ததும் நீங்களே வந்து பறிச்சுக்குங்க. நா உள்ளயே இருக்கேன். வெளிய வரல."

அப்படியே செய்தாள். கமலாட்சியும் பழனியப்பனும் பறித்து முடிக்கிற வரைக்கும் அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. கோழிகள்கூட உள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. பழனியப்பன் குனிந்த தலை நிமிராமல் பறித்தார். கமலாட்சி மட்டும் கை வேகத்தில், "பாரு, ஒரு செடியாவது நேரா நிக்குதா" என்று முணுமுணுத்தாள். பழக்கம் போகுமா?

கோவில் மண்டபம் மஞ்சளாக இருந்தது. மணமேடையில் செவ்வந்தி, தூணில் செவ்வந்தி, கணேஷ்குமார் கழுத்தில் செவ்வந்தி. தாலி கட்டி முடிந்ததும் ஜெயம்மா ஒரு பூவைக் கையில் எடுத்து, கடைக்காரி பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தாள். எந்த மார்க்கெட்டிலும் பார்க்காத அந்தச் செங்கல் நிறத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கியாக்தான் ஜனமெல்லாம் சுற்றி நின்றார்கள்.

"சொன்னதச் செஞ்சுட்டீங்க சம்பந்தி. நா நம்பலீங்க, உண்மையச் சொல்றேன். எல்லாம் உங்க கையால வளத்ததா?"

"பின்ன?" என்றாள் கமலாட்சி. இத்தனை மாசம் காத்திருந்த சொல் அது. சொல்லி முடித்ததும் தூணருகே வெள்ளைச் சேலை தெரிந்தது. புஷ்பலதா. கணேஷ்குமார் தானாகப் போய் அழைத்திருக்கிறான். அவளோ பெண்வீட்டார் கண்ணில் படாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயம்மாவின் பார்வையும் அங்கே போனது. "மாப்ளையோட சின்னம்மாதானே? உங்களுக்கும் பக்கத்துலயே தோட்டம் இருக்காமே, மாப்ள சொன்னாரு. உங்க பூவும் இதுல இருக்கா?"

கமலாட்சி தூணருகே நின்றவளை நோக்கித் திரும்பினாள். இவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டியதுதான் நியாயம். தான் அவள் இடத்தில் இருந்திருந்தால் மைக்கை வாங்கிச் சொல்லியிருப்பாள்.

புஷ்பலதா கமலாட்சியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஜெயம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்லீங்க. எல்லாம் அக்காவோடதுதான். ராவும் பகலும் பாடுபட்டாங்க. நல்ல காரியம் பாருங்க, இதுல நா ஒரு பூவக்கூடத் தொடல."

"கைராசிக்காரங்க" என்றாள் ஜெயம்மா கமலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு. சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். பழனியப்பன் மட்டும் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமலாட்சி ஜெயித்துவிட்டாள். பொரிக்காரி சிரிக்கவில்லை, சொன்ன சொல் நின்றது. சந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்த வாய், தூணருகே நின்ற அந்த வெள்ளைச் சேலைக்கு ஒரு சொல்லைத் தேடித் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக, இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலேயே மட்டமான ஆள் யார் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அழலாமா என்றால் எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். அந்த அசிங்கம் வேறு எதற்கு என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்று அவளை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும், பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடாமல் கையை வைத்து மறித்துக்கொண்டு, "புஷ்பா" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தூணருகே யாரும் இல்லை. கோழிக்குத் தீனி போட நேரமாகிவிட்டது என்று சொல்லி, சாப்பிடாமலே சின்னம்மா பஸ் ஏறிப் போய்விட்டதாகக் கணேஷ்குமார் வந்து சொன்னான்.